இயந்திரம் யாரை ‘டி’ போட்டது?

கணினிக்கு நம் மொழியைச் சொல்லிக் கொடுக்க எத்தனை பேர் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். மூன்று பேர் போதும். நடுவில் ஒரு கூஜா காபி இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். இதை வெளியே சொன்னால் என் கதை முடிந்தது. ஏனென்றால் எங்கள் தலைநகரில் அராத் கிலோ சதுக்கத்திலிருந்து கீழே இறங்கும் சாலையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் இந்த ஒரே காரியத்துக்காக நிற்கிறது. வாசலில் பலகை: ‘இயந்திர உரையாடல் மரியாதை வாரியம்’. அதன் மூன்றாவது மாடியில், கழிவறைக்குப் பக்கத்து அறையில், நானும் பெலாச்சுவும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் ரொம்பச் சின்னது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதன் மூலநிரலில், கணினி மனிதரிடம் பேசவேண்டிய வாக்கியங்கள் வரிசையாக நிற்கும். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் காலி. காலி இடத்தில் எங்கள் மொழியான அம்ஹாரிக்கில் எழுதி அனுப்பினால், அதைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வெளியீட்டில் கணினி நம் மொழியில் பேசும். ஆங்கிலக் கணினிக்கு எல்லாரும் ஒன்றுதான். மந்திரியும் மாடு மேய்ப்பவனும் ஒரே ‘யூ’. நம் வாயில் அது நடக்குமா? ஆணுக்கு ஒரு ‘நீ’, பெண்ணுக்கு வேறொரு ‘நீ’, பெரியவருக்குத் ‘தாங்கள்’. வாயைத் திறப்பதற்கு முன்னால் எதிரே நிற்பது யார் என்று தெரிந்தாக வேண்டும். கணினிக்குக் கண் கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் வாரியம் உள்ளே நுழைந்தது.

எங்கள் தலைமை இயக்குநர் மாண்புமிகு டாக்டர் பொறியாளர் கஸாஹுன் தெஸெமா. இந்தப் பெயரில் ஒரு சொல்லைக் குறைத்துச் சொன்னாலும் அவருக்கு மூச்சு வாங்கும். முதல் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசியதை நான்தான் குறிப்பெடுத்தேன்.

“ஒரு வாக்கியத்தையும் தொடுவதற்கு முன் நாம் தீர்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு. இயந்திரம் நம்மைவிட இளையதா, மூத்ததா? இளையது என்றால் அது நம்மைத் தாங்கள் என்றே அழைக்கக் கடமைப்பட்டது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. எனவே விருந்தாளி. விருந்தாளியை நாமல்லவா வணங்க வேண்டும்? ஆகவே, முதலில் யார் குனிவது? இதை விளங்கிக்கொள்ளாத அயல்நாட்டார் எப்படித்தான் கணினியைக் கண்டுபிடித்தார்களோ!”

யாரும் சிரிக்கவில்லை. ஷிபெராவ் அறைக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். ஷிபெராவ் உள் ஒழுங்குப் பிரிவின் தலைவர். ரப்பர் செருப்புப் போட்டு நடப்பார். பின்னால் வந்து நின்றது அவர் பேசும்போதுதான் தெரியும். அவர் இருக்கும் அறையில் தும்மல்கூட வராது.

கடைசியில், கணினி முதன்முதலில் இயங்கும்போது ‘ஆணா, பெண்ணா, வயது என்ன, பதவி என்ன’ என்று கேட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. அப்போதுதான் யாரோ ஒரு பாவி, “ஆணா பெண்ணான்னு கேக்கறதுக்கே எந்த ‘நீ’ போடணும்னு தெரியணுமே” என்று வாயை விட்டான். ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. தீர்வை டாக்டர் கஸாஹுனே கண்டுபிடித்தார். அரசு வாங்கும் ஒவ்வொரு கணினிக்குப் பக்கத்திலும் ‘முகமறி அலுவலர்’ ஒருவர் நிற்பார். உட்காருபவரை மேலும் கீழும் பார்த்து, ஆண், பெண், மாண்புமிகு ஆண், மாண்புமிகு பெண் என்று ஒரு பொத்தானை அழுத்துவார். அதன்பின் கணினி பேசலாம். அந்தப் பதவிகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இயக்குநரின் மூக்கு இருந்தது.

இதுவரை சிரிக்கலாம். வொர்க்குவின் காரியத்துக்குப் பிறகு நாங்கள் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

வொர்க்கு எங்கள் அறையில் மூன்றாவது ஆள். மூலநிரலில் ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கினால், தொடங்கியதைப் பெற்றோர் என்றும் தொடங்கப்பட்டதைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். நிறுத்துவதைக் கொல்வது என்பார்கள். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். வொர்க்கு உள்ளதை உள்ளபடி எழுதினான்: ‘பெற்றோர் இறந்துவிட்டார். பிள்ளையைக் கொல்லலாமா?’ ஷிபெராவ் அதைத் திரையில் விரல் வைத்து வாசித்தார்.

“யாரு அந்தப் பெற்றோர்?”

“ஐயா, அது ஆள் இல்லீங்க. ஒரு நிரல்...”

“பேரைக் கேட்டேன்.”

“பேரெல்லாம் கிடையாதுங்கய்யா. ஒரு நம்பர்தான் இருக்கும்.”

“நம்பர் இருக்கா?” ஷிபெராவ் மெல்லக் குனிந்தார். “அப்ப ஏற்கெனவே உள்ள இருக்கிறவன். அவன் செத்த சேதி வெளிய யாருக்கும் தெரியாதே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மறுநாள் வொர்க்கு வரவில்லை. பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். என்ன பயிற்சி, எந்த ஊரில் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நமக்கும் அதே பயிற்சி கிடைக்கும். அவன் கோட்டு நாற்காலி முதுகிலேயே தொங்கியது. துப்புரவு செய்யவருகிறவர்கள்கூட அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினார்கள்.

பெலாச்சுவைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பு ஏதோ பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். இங்கே, வாரியம் ஒப்புதல் தரும் வாக்கியங்களை மூலநிரலில் தட்டச்சுச் செய்யும் தற்காலிக ஊழியர். பயந்த மனுஷன் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் போதாது. மின்தூக்கியில் தனியாக இருந்தாலும் அங்கே மாட்டியிருக்கும் நாட்டுத் தலைவர் படத்துக்கு வணக்கம் வைப்பார். தன் கணினியையே ‘தாங்கள்’ போட்டுத்தான் திட்டுவார். வொர்க்கு போன நாளிலிருந்து அவருக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சாயங்காலமானால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் மனைவி வகாயேயும் கைக்குழந்தையும். தினமும் காலையில் நாற்காலியில் உட்காரும்போதே, “இன்னிக்கு வீட்டுக்குப் போயிடணும், மரியமே” என்று முணுமுணுப்பார். நான் கேலி செய்வேன். வயதில் மூத்த ஆணை எங்களில் ‘காஷே’ என்போம். “காஷே பெலாச்சு, இப்பத்தானே வந்தீங்க?” என்பேன். சொல்லிவிட்டு நானும் மனதுக்குள் அதையே வேண்டிக்கொள்வேன்.

எல்லா வினையும் ஒரு வாக்கியத்தில் வந்தது. ‘கடவுச்சொல் தவறு. மீண்டும் முயல்க.’

வாரியம் இதில் மூக்கை நுழைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. டாக்டர் கஸாஹுன் மேஜையைத் தட்டினார். “தவறு என்று யாரிடம் சொல்கிறது இந்த இயந்திரம்? உட்கார்ந்திருப்பது ஓர் இயக்குநராக இருந்தால்? மேலதிகாரி தவறு செய்வதில்லை. அவர் முன்னிலையில் தவறு நேர்ந்துவிடுகிறது; அவ்வளவே. அவருக்குச் சினம் வரலாம். மறதி வராது, அச்சம் வரவே வராது. இது விதி.”

அது அப்படியே விதியாகப் பதிவாயிற்று.

ஒருவர் எழுந்து, ‘விசைப்பலகை தங்கள் திருவிரலைப் புரிந்துகொள்ளத் தவறிவிட்டது, அதை மன்னிப்பீர்களா?’ என்று போடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது இன்னொருவர், “உட்கார்ந்திருக்கிறவன் திருடனா இருந்தா? திருடன்கிட்ட மன்னிப்புக் கேக்கறதா?” என்றார். ஷிபெராவ் கோடியிலிருந்து, “அப்ப அதே வாக்கியத்துல கைதும் செஞ்சிடணும்” என்றார். மன்னிப்பும் கைதும் ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை. மதிய உணவு வந்துவிட்டது. வாக்கியம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது.

அன்று சாயங்காலத்தோடு வெளிநாட்டுக்காரர்கள் கதவை மூடுகிறார்கள். அதற்குள் போய்ச் சேராதது அடுத்த வெளியீட்டில் இருக்காது; காலி இடத்தில் ஆங்கிலம் பல்லைக் காட்டும். ஓர் ஆங்கிலச் சொல்கூட இருக்காது என்று டாக்டர் கஸாஹுன் இணை அமைச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெலாச்சுவுக்கு வந்த உத்தரவு: எதையும் காலியாக விடக்கூடாது, ஒப்புதல் இல்லாத எதையும் எழுதவும் கூடாது. அவர் அந்தக் காலி வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே ஆலங்கட்டி மழை.

அப்போது ஜெனெபெச் வந்தாள். ஜெனெபெச் எங்கள் மாடிக்குக் காபி போடுகிறவள். வாரியத்தில் பட்டம் எதுவும் இல்லாத ஒரே ஆள் என்பதால் அவளைச் ‘சராசரிப் பயனர்’ என்று நியமித்திருந்தார்கள். வாரம் ஒருநாள் கணினி முன்னால் உட்கார்ந்து, வாரியத்தின் மொழி சராசரி மனிதருக்குப் புரிகிறதா என்று காட்டவேண்டும். கணினியைக் கெடுத்தால் பயிற்சிக்கு அனுப்புவோம் என்று யாரோ அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

எங்கள் அறை மூலையிலிருந்த சோதனைக் கணினியில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். கணினி ஆங்கிலத்தில் ஏதோ கத்தியது. மறுபடி அடித்தாள், மறுபடி கத்தியது.

“காஷே... நான் ஒண்ணும் பண்ணலே. சத்தியமா ஒண்ணும் பண்ணலே. என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா?”

“ஐஸோஷ்” என்றார் பெலாச்சு.

எங்கள் ஊரில் யாராவது தடுக்கி விழுந்தால், எதிர்ச்சாரியில் போகிறவன்கூடக் கத்திச் சொல்லும் வார்த்தை இது. குழந்தை அழுதால், தேர்வில் தோற்றால், ஆள் செத்தால், எல்லாவற்றுக்கும் இதுதான். பயப்படாதே, ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. ஆணிடம் ஐஸோஹ்; பெண்ணிடம் ஐஸோஷ்; பெரியவரிடம் ஐஸோவொத். யோசித்துச் சொல்வதல்ல. வாய் தானாகச் சொல்லும்.

“ஐஸோஷ். பயப்படாதேடி கண்ணு, திரும்பப் போட்டுப் பாரு” என்றார். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். பெலாச்சுவின் கை, வாய் சொன்னதை அப்படியே அந்தக் காலி வரியில் தட்டச்சுச் செய்திருந்தது. மழை விட்டதும் அவர் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் பக்கத்திலேயே இருந்தேன், பார்த்தேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. அந்த வரிசை முழுவதிலும் ஒரு மனுஷர் பேசுவது போல இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை அவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

“சிகெரெதா, கதவைச் சாத்து.”

சாத்தினேன்.

“நான் ‘ஷ்’ போட்டுட்டேன்.”

“எதுல?”

“பாஸ்வேர்டுல. எந்தப் பொத்தானை அழுத்தினாலும், யாரு தப்பா அடிச்சாலும் அதுதான் வரும். அமைச்சர் அடிச்சாலும் அதுதான். ஷிபெராவ் அடிச்சாலும்...” கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தார். “நான் ஷிபெராவை ‘டி’ போட்டுட்டேன், சிகெரெதா. நாடு பூரா ‘டி’ போட்டுட்டேன். ‘கண்ணு’ன்னு வேற சொல்லிட்டேன்.”

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

வெளிநாட்டுக்காரருக்கு எழுதினோம். ஒரு வரியை மாற்றவேண்டும், அவசரம் என்றோம். உடனே பதில் வந்தது. ரொம்ப நல்ல மனுஷன். கதவு மூடியாயிற்று, இனி ஆபத்தான பிழைகளை மட்டும்தான் திருத்துவோம், இந்தப் பிழையால் பயனருக்கு ஏதாவது இழப்பு ஏற்படுமா என்று கேட்டிருந்தார். ‘பயனருக்கு இல்லை, எனக்கு’ என்று பெலாச்சு எழுதினார். ‘எந்த நிலையில் அது நேர்கிறது என்று விளக்க முடியுமா?’ என்று கேட்டார் அவர். என்னத்தை விளக்குவது? ‘மேலதிகாரி தப்பு செய்யும் நிலையில்’ என்று பெலாச்சு தட்டச்சுச் செய்து, விதி ஞாபகம் வந்து, அலறிப்போய் அழித்தார். கடைசியில் அந்த நல்ல மனுஷன், அடுத்த வெளியீட்டில் கட்டாயம் பார்த்துக்கொள்ளலாம், உங்கள் உழைப்புக்கு நன்றி என்று முடித்துவிட்டார்.

தொடக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெரிய கூடம், தொலைக்காட்சி, இணை அமைச்சர். அவர் முன்னிலையில் டாக்டர் கஸாஹுன் தன் கையால் கடவுச்சொல் அடித்துக் கணினியைத் திறந்துவைப்பார். அது போதாதென்று, கணினி வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் குரல்.

“அவர் தப்பா அடிச்சாத்தானே வம்பு?” என்றேன். “சரியா அடிச்சிட்டா அந்த வரி வரவே வராதே. ஐஸோவொத், காஷே.”

“அவர் பாஸ்வேர்ட் என்னன்னு தெரியுமா உனக்கு?”

எல்லாருக்கும் தெரியும். வாரியத்தின் விதிப்படி கடவுச்சொல் பதவிக்கு ஏற்ற கௌரவத்தோடு இருக்கவேண்டும். அவருடையது ‘மாண்புமிகுடாக்டர்பொறியாளர்கஸாஹுன்தெஸெமா’, அதன் பின்னால் அவர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகங்கள். அதை அவர் ஒரு தடவைகூட முழுதாகச் சரியாக அடித்ததில்லை. எப்போதும் செயலாளர் பெண்தான் அடித்துக் கொடுப்பாள்.

பெலாச்சுவை நான்தான் தள்ளிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனேன். எங்கள் அறைக்கு நேர் மேலே இயக்குநர் அறை. பெலாச்சு பாதிக் குனிந்தபடியே பேசினார்.

“ஐயா, விழா நாளைக்கு மட்டும்... தாங்கள் பாஸ்வேர்டைக் கொஞ்சம் சுருக்கி வச்சுக்கிட்டா... விரலுக்கு நோகாம...”

“எதைச் சுருக்கணும்கிற?”

“எதையாவது ஒண்ணு, ஐயா. ஒரு பல்கலைக்கழகம் மட்டும்...”

டாக்டர் கஸாஹுன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். “தம்பி, நான் எங்கிருந்து வந்தேன் தெரியுமா? எங்க ஊர்ல மின்சாரமே கிடையாது. ஒவ்வொரு பட்டமா வாங்கித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். ஒண்ணை எடுத்துட்டா நான் யாரு? சொல்லு, நான் யாரு?”

“தாங்கள் தாங்கள்தான், ஐயா.”

“அதுக்குத்தான் அவ்வளவும் வேணும்.”

“அப்ப ஒரு தடவை அடிச்சுப் பழகிப் பார்த்தா, ஐயா...”

“பழகறதா? தப்பு பண்ணக்கூடியவன்தான் பழகணும். போய் வேலையைப் பாரு.”

இறங்கி வரும்போது பெலாச்சு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கீழே வந்து, “கரண்டு போயிட்டா?” என்றார். அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. எங்கள் பகுதியில் மின்சாரம் போகாத நாள் கிடையாது. விழா நாள் காலையில் தேவாலயத்துக்குப் போய் மின்வெட்டு வேண்டி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்.

அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் போகவில்லை. விளக்குகள் கண்ணைப் பறித்தன. எங்கள் விசேஷ வழக்கப்படி தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தார்கள். ஜெனெபெச் வெள்ளை உடுப்பில் ஒரு மூலையில் காபி வறுத்துக்கொண்டிருந்தாள். பெலாச்சு எனக்குப் பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்திருந்தார். “வகாயேகிட்ட ஒண்ணும் சொல்லலே” என்றார். “அவ சந்தைக்குப் போறேன்னு சொல்லியிருக்கா. நான் வர லேட்டாகும்னாவது சொல்லியிருக்கலாம்.”

ஷிபெராவ் கதவருகே நின்றார். டாக்டர் கஸாஹுன் ஒரு நீண்ட உரையாற்றினார். “இன்று முதல் இந்த நாட்டில் யாரையும் எந்த இயந்திரமும் தரம் தாழ்த்திப் பேசாது. அப்படிப் பேசினால், பேசவைத்தவன் யாராக இருந்தாலும் சட்டத்தின் முன் நிறுத்தப்படுவான்!” கைதட்டல். பெலாச்சுவும் தட்டினார், என் கையையும் சேர்த்துத் தட்டினார்.

முகமறி அலுவலர், இயக்குநரின் தங்கை மகன், மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். டாக்டர் கஸாஹுன் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். கூடமே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. முடிக்க அவருக்கு அவ்வளவு நேரமாயிற்று. கடைசிப் பொத்தானைத் தட்டிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பெரிய திரையில் எழுத்துகள் வந்தன. பெண் குரல், நிதானமாக, பாசமாக, கூடம் முழுக்கக் கேட்கிறாற்போலச் சொன்னது:

“ஐஸோஷ். பயப்படாதேடி கண்ணு, திரும்பப் போட்டுப் பாரு.”

வாணலியில் காபிக்கொட்டை வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் கஸாஹுனின் முகம் வெளுத்துப்போயிற்று. மருமகன் பக்கம் திரும்பினார். “டேய், எந்தப் பொத்தானை அழுத்தினே?”

“மாண்புமிகு ஆண்தான், மாமா! சத்தியமா!”

“அப்ப அது என்னைச் சொல்லலே” என்றார் டாக்டர் கஸாஹுன், வேகவேகமாக. “என்னைச் சொல்லவே இல்லை. விதிப்படி, மேடையில் இருப்பவர்களில் மூத்தவரைத்தான் அது...” அவர் பக்கத்தில் நின்றவர் இணை அமைச்சர். டாக்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

இணை அமைச்சர் ஓரடி பின்வாங்கினார். “என்னையா? நான் சும்மா நிக்கிறேன். நான் எதையும் தொடவே இல்லை. மூத்தவர்னா எனக்கும் மேல...” என்றபடி அவர் கண் தன்னால் மேலே போயிற்று. மேடைச் சுவரில் தலைவரின் படம். எல்லாருடைய கண்ணும் கூடவே மேலே போயிற்று. போன வேகத்தில் கீழே இறங்கிற்று. முன்வரிசையில் ஒருவர் தரையில் கிடந்த புல்லை எண்ணுவது போல உற்றுப் பார்த்தார். ஷிபெராவ்கூட, ஷிபெராவ்கூட, கதவோடு ஒட்டி நின்றார். அந்தக் கூடத்தில் அன்று பயப்படாதவர் யாராவது இருந்தார்கள் என்றால், அது சுவரில் இருந்த படம்தான்.

பயம் மனிதனுக்கு என்ன மூளை கொடுக்கிறது! இணை அமைச்சர் திடீரென்று இரண்டு கையையும் உயர்த்தினார்.

“தாய்நாடு!” என்று கத்தினார். “கேட்டீர்களா மக்களே? இயந்திரம் நம் தாய்நாட்டைப் பார்த்துச் சொல்கிறது! பயப்படாதே தாயே, மீண்டும் முயற்சி செய் என்கிறது! தாயை ‘டி’ என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இல்லாமல் வேறு யாருக்கு?”

கைதட்டல் இடி போல விழுந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். முதலில் நிறுத்துவது யார் என்று யாருக்கும் தைரியம் வராததால் உள்ளங்கை எரிய எரியத் தட்டினார்கள். ஒருவர் அழக்கூடச் செய்தார். “யார்? யார் எழுதியது இந்த வாக்கியத்தை?” என்றார் இணை அமைச்சர்.

டாக்டர் கஸாஹுன் தலைகுனிந்து, “அடியேன்தான்” என்றார்.

நாங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினோம். பிழைத்தோமா செத்தோமா என்று தெரியவில்லை. பெலாச்சு நாற்காலியில் உட்காரவே இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை, குரல்தான் கேட்டது.

“அந்த வாக்கியம் யாரோடது?” என்றார் ஷிபெராவ்.

“டாக்டரோடது, ஐயா.”

“வெளிநாட்டுக்காரன் அந்த வரிக்குப் பக்கத்துல உன் பேரை இல்ல போட்டிருக்கான்?”

“தப்பா விழுந்திருக்குங்கய்யா. நான் வெறும் டைப் அடிக்கிறவன்.”

“உனக்கு அந்த மாதிரி எழுத வருமா?”

“வராதுங்கய்யா.”

“பேசவாவது வருமா?”

பெலாச்சு என்னைப் பார்த்தார். பிறகு வொர்க்குவின் கோட்டைப் பார்த்தார்.

“அதுவும் வராதுங்கய்யா. எப்பவுமே வந்ததில்லை.”

ஷிபெராவ், “நல்லது” என்று சொல்லிப் போனார். அந்த வாரமே பெலாச்சுவை நிரந்தரமாக்கினார்கள். பணிவுக்காக என்றார்கள். வகாயே பலகாரம் செய்து அனுப்பினாள். மாடி முழுக்கச் சாப்பிட்டோம். பெலாச்சு மட்டும் அன்றைக்கு விரதம் என்று சொல்லி வாயில் வைக்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இணை அமைச்சருக்கு அந்த வாக்கியம் மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. மேலிடம் இன்னும் கேட்டது. வட்டு நிறைந்தால் என்ன சொல்வது, இணைப்பு அறுந்தால் என்ன சொல்வது, எல்லாப் பிழைகளுக்கும் அதே மாதிரி நெஞ்சைத் தொடும் வாக்கியங்களை மாண்புமிகு டாக்டர் பொறியாளர் கஸாஹுன் தெஸெமா அவர்கள் தம் கையாலேயே, அமைச்சகத்துக்கு வந்து உட்கார்ந்து, மேலிடத்தின் முன்னிலையில் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை காலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெலாச்சுவை மேலே கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

“என்ன ஆச்சு?”

“உள்ள போனதும் கதவைச் சாத்தினார். சாவியும் போட்டார். ‘பெலாச்சு, ரெண்டு ராத்திரியா உக்காந்து பாக்கறேன், எனக்கு ஒரு வரி வரலே’ன்னார். ‘என்னத்தை எழுதினாலும் சுற்றறிக்கை மாதிரியே வருது. திங்கக்கிழமை போய் என்ன பண்ணுவேன்?’ன்னார். ‘ஷிபெராவ் இன்னிக்கு மூணு தடவை என் கதவைத் தாண்டிப் போயிட்டான்’னார். அப்புறம் மேஜையில தலையை வச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி, சிகெரெதா. எனக்குப் பாக்கவே முடியலே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாய் வரைக்கும் வந்துச்சு.”

“சொல்ல வேண்டியதுதானே!”

“எந்த ‘நீ’ போட்டுச் சொல்றது?” பெலாச்சுவின் கண் கலங்கியிருந்தது. “‘ஐஸோஹ்’னு சொன்னா அவமரியாதை. ‘ஐஸோவொத்’னு மரியாதையா சொன்னா, அவர் பயப்படறார்னு நான் சொன்னதா ஆகும். மேலதிகாரிக்கு அச்சம் வரவே வராதுன்னு அவரே போட்ட விதி. அதுவும் போகட்டும். எனக்கு அப்படியெல்லாம் பேசவே வராதுன்னு ஷிபெராவ் முன்னாடி சொல்லியிருக்கேனே. இப்ப எப்படி வரும்?”

“அப்ப சும்மாவா வந்தீங்க?”

“‘தாங்கள் அறியாததா, ஐயா’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

தலைக்குமேல், தளத்தின் ஊடாக, அழுகை இலேசாகக் கேட்டது. நன்றாகக் காது கொடுத்தால்தான் கேட்கும், ஆனால் கேட்டது. மேலதிகாரி அழுவதைக் கேட்டவர்களுக்கு என்ன தண்டனை என்று வாரியம் இன்னும் விதி எழுதவில்லை. எழுதாததுதான் எங்களுக்கு அதிகப் பயமாக இருந்தது. பெலாச்சு தன் நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தார். திரையில் எதுவும் இல்லை, சும்மா தட்டினார். நானும் தட்டினேன். பக்கத்து அறையிலும் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது மாடி முழுக்கத் தட்டச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.